எப்சோபர் கவையில் மோட்டார் பூட்டலாமா?



பழைய மிதிவண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நடுவில் மின்மோட்டார் பொருத்திய சக்கரம் ஒன்றை மாட்டிக்கொள்வது எங்கள் காப்பார் வட்டாரத்தில் மெல்லப் பரவி வருகிறது. இணையக் கடைகளில் சில நூறு ரிங்கிட்டுக்குப் பெட்டி வீடு தேடி வந்துவிடுகிறது. பெட்டிக்குள் சக்கரம், கட்டுப்பாட்டுக் கருவி, கைப்பிடியில் திருகும் விசை, பிரேக் பிடிகள், கொத்துக் கொத்தாகக் கம்பிகள். மின்கலம் தனியாக வாங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் வேலை முடிந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், முடிந்துவிடும். முடிந்த பிறகு அந்த வண்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மிதிவண்டியின் முன்புறத்தில் எப்சோபர் இருந்தால் அதில் இந்த மோட்டாரைப் பூட்டாதீர்கள். பின்சக்கரத்தில் பூட்டுங்கள். அல்லது முன்புற எப்சோபரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அசையாத எஃகுக் கவை ஒன்றை மாட்டி, அதில் பூட்டுங்கள். நானே இரண்டாவது வழியில் செய்த வண்டியில்தான் வாரத்தில் மூன்று நான்கு நாள் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஆகவே மின்மிதிவண்டிக்கு எதிரி என்று யாரும் என்னை எண்ணிவிட வேண்டாம்.

தொடர்வதற்கு முன் சொற்களைச் சற்று ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ஆசிரியர் புத்தி அப்படித்தான் போகும்! மலேசியாவில் 'மோட்டார்' என்று சொன்னால் மோட்டார்சைக்கிள் என்றுதான் எல்லாரும் பொருள்கொள்வர். "அப்பா மோட்டாரில் வேலைக்குப் போனார்" என்று மாணவர்கள் கட்டுரையில் எழுதுவதைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்துவிட்டது. இங்கே நான் மோட்டார் என்பது மின்சாரத்தால் சுழலும் பொறியை மட்டுமே. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மாட்டுவண்டிக் காலத்திலேயே தமிழில் குடம் என்ற பெயர் உண்டு. அந்தக் குடத்துக்குள்ளேயே பொறியை அடைத்து வைத்திருப்பதால் இதைக் குடமோட்டார் எனலாம். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் உறுப்பைக் கடைக்காரர்கள் ஃபோர்க் என்கிறார்கள். மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்போமே, அதுபோல் இது முன்கவை. அதிர்வைத் தாங்கும் வகையை நம் ஊர் வழக்கிலேயே எப்சோபர் கவை என்று விடுகிறேன். கவையின் இரு கால்களுடைய அடிநுனியிலும் சக்கரத்தின் அச்சு உட்காரும் பிளவு ஒன்று இருக்கும். அதற்கு அச்சுவாய் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். இன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சிறு வாயைப் பற்றியதே.

சாதாரண முன்சக்கரத்தில் அச்சுவாய்க்கு இருக்கும் வேலை மிகச் சிறியது. அச்சு சுழலுவதில்லை. சக்கரம்தான் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. ஓட்டுபவரின் எடை கவை வழியாகக் கீழே இறங்குகிறது. தரை சக்கரத்தின் வழியாக அச்சை மேல்நோக்கித் தள்ளுகிறது. பிளவின் திறந்த பக்கம் கீழே இருப்பதால், மேலே தள்ளப்படும் அச்சு மூடிய பக்கத்தில் போய் நன்றாக உட்கார்ந்துகொள்கிறது. நட்டு சற்றே தளர்ந்திருந்தாலும் நேர்ச்சாலையில் சக்கரம் உடனே கழன்று ஓடிவிடாது. இந்த எளிய வேலைக்காகச் செய்யப்பட்ட உறுப்பு அது. அதன் தடிப்பும் அந்த வேலைக்கு ஏற்ற தடிப்புத்தான்.

குடமோட்டார் வந்தவுடன் கதை மாறுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் சொன்னதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மோட்டாரின் வெளிக்கூடு சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதே அளவு முறுக்கு அச்சைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கும். அச்சு சுழலாமல் நின்றால்தான் சக்கரம் சுழலும். அச்சை நிறுத்திப் பிடிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது? அச்சுவாயினுடையது! அதற்காகவே மோட்டாரின் அச்சில் எதிரெதிரான இரு பக்கங்களைத் தட்டையாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தத் தட்டைப் பக்கங்கள் பிளவின் இரு சுவர்களிலும் மோதி நிற்கின்றன. ஒரு நட்டைத் திருகும்போது ஸ்பானரின் வாய் என்ன பாடுபடுகிறதோ அந்தப் பாட்டை இங்கே அச்சுவாய் படுகிறது. வேறுபாடு ஒன்றே: ஸ்பானரை அதற்கென்றே கடின எஃகில் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய பாடு என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நடுத்தரமான குடமோட்டார் ஒன்று புறப்படும் நேரத்தில் 40 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 26 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 40-ஐ 0.33-ஆல் வகுத்தால் 120 நியூட்டன். அதாவது சாலையில் டயர் உங்களைத் தள்ளும் விசை ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமம். ஒரு கைக்குழந்தையைத் தூக்குகிற விசைதான். அச்சம் தருவதாக இல்லை. இப்போது அதே முறுக்கை அச்சின் பக்கத்திலிருந்து பாருங்கள். 14 மில்லிமீட்டர் தடிப்புள்ள அச்சைப் 10 மில்லிமீட்டருக்குத் தட்டையாகச் செதுக்கினால், தட்டைப் பக்கத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். முறுக்கைத் தாங்கும் நெம்புகோலின் நீளம் அவ்வளவே. 40-ஐ 0.01-ஆல் வகுத்தால் 4,000 நியூட்டன்! ஏறத்தாழ 400 கிலோ எடை. இடது கால் பாதி, வலது கால் பாதி என்று பகிர்ந்துகொண்டாலும் ஒவ்வொரு சிறு வாயும் 200 கிலோ எடையின் விசையால் உள்ளிருந்து பிளக்கப்படுகிறது. நட்டை இறுக்கியதால் உண்டாகும் உராய்வு ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. நட்டு தளர்ந்த அன்று அந்தப் பங்கும் அச்சுவாயின் தலையில் விழும்.

எஃகுக் கவை இதைப் பெரும்பாலும் தாங்கிவிடுகிறது. அதற்குக் காரணம் வலிமை மட்டுமன்று, குணம். எஃகு அளவுக்கு மீறிய விசைக்கு உட்படும்போது முதலில் வளையும். பிளவு அகலும், அச்சு ஆடத் தொடங்கும், ஓட்டுபவர் "என்னவோ சத்தம் வருகிறதே" என்று இறங்கிப் பார்ப்பார். எப்சோபர் கவையின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையிலோ மக்னீசியக் கலவையிலோ வார்க்கப்பட்டவை. வார்ப்பு உலோகம் எளிதில் வளையாது. தாங்கும்வரை தாங்கிவிட்டுத் திடீரென வெடித்துப் பிளக்கும். போதாக்குறைக்கு அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை என்ற ஒன்று தெளிவாக இல்லை. எஃகு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ்ப்பட்ட விசையை எத்தனை இலட்சம் முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியமோ சிறு சிறு விசைகளையும் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் நின்று புறப்படும்போது ஒரு வரி. ஒருநாள் கணக்கு முடிந்துவிடும்.

மெரு சாலைப் பக்கம் ஒரு சீனப் பெரியவர் மிதிவண்டிக் கடை வைத்திருக்கிறார். சுவரில் உடைந்த எப்சோபர் கவை ஒன்றை ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். வலது அச்சுவாயின் முன்பாதி அப்படியே இல்லை. உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியை ஒடித்ததுபோல் பொருபொருவென்று இருந்தது. வளைந்த அடையாளமே கிடையாது. அந்த வண்டிக்காரர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததால் வேகம் குறைவாம், முன்பல்லோடு தப்பித்தாராம். யாராவது மோட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தால், பெரியவர் பேசாமல் அந்தச் சுவரைக் காட்டிவிடுவார். நான் முப்பது நிமிடம் விளக்குவதை அவர் ஒரு விரலில் முடித்துவிடுகிறார்.

எப்சோபர் கவையில் இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. விற்பனைப் பக்கங்களில் இவற்றை யாரும் எழுதுவதில்லை. முதலாவது, அளவு. முன்கவையின் அச்சுவாய் பொதுவாக 9 மில்லிமீட்டர் அகலம் உடையது. மோட்டார் அச்சின் தட்டை அளவு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். நுழையாதபோது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அரத்தை எடுத்து ராவுகிறார்கள்! எந்தச் சுவர் 200 கிலோவைத் தாங்க வேண்டுமோ அந்தச் சுவரையே தேய்த்து மெலிய வைக்கிறார்கள். இரண்டாவது, உதடு. நட்டு தளர்ந்தாலும் சக்கரம் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, பெரும்பாலான முன்கவைகளின் அச்சுவாயைச் சுற்றி மேடான விளிம்பு ஒன்றை வைத்திருப்பார்கள். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் மோட்டார் அச்சின் பெரிய வாசர் அந்தக் குழிக்குள் இறங்காமல் உதட்டின் மேல் சாய்ந்து உட்காரும். நட்டை இறுக்க இறுக்க இறுக்கம் முழுவதும் உதட்டின் ஓரத்தில்தான் விழுகிறது. உதடு மெல்ல நசுங்கும். நட்டு தானாகவே தளரும். இறுக்கியவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார். குழிக்குள் அடங்கும் சிறிய வாசரை முதலில் போட்டுச் சமப்படுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது.

என்னிடம் முன்பு ஆறாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர் இப்போது பந்திங் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். அவர் மனைவியும் மகளும் எங்கள் வட்டாரத்தில் மனைவியின் பெற்றோரோடு இருக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலை இல்லாதபோது அவரே மகளை மிதிவண்டியில் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவார். மகள் இரண்டாம் ஆண்டு. பள்ளிப் பேருந்துக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. சென்ற ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பு பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"சார், இந்த மோட்டார முன்னுக்குப் போடப் போறேன். பின்னுக்குக் கியர் இருக்கு, வேலை கஷ்டம். முன்னுக்குன்னா சக்கரத்த மாத்துனா முடிஞ்சிரும்."

"எப்சோபர் சைக்கிள்தானே வச்சிருக்க?"

"ஆமா சார், அதான் நல்லது. மோட்டார் கனம், எப்சோபர் தாங்கிக்கும்ல?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது. எப்சோபர் என்றால் வலிமை என்று மக்கள் நினைக்கிறார்கள். பெயரும் தோற்றமும் அப்படி. தடித்த கால்கள், உள்ளே சுருள்வில், பார்த்தால் மோட்டார்சைக்கிளின் முன்புறம் போலவே இருக்கிறது. எப்சோபர் தாங்குவது மேலும் கீழும் வரும் அதிர்வை மட்டும். முறுக்குக்கும் அதற்கும் உறவே கிடையாது. முறுக்கு வந்து விழும் இடம் சுருள்வில்லுக்குக் கீழே, வார்ப்புக் காலின் நுனியில். சுருள்வில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே அதனால் ஓர் உதவியும் இல்லை.

கனத்தைத் தாங்கும் என்பதும் தலைகீழான கருத்து. எப்சோபர் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் அதற்குக் கீழே தொங்கும் எடை குறைவாக இருக்க வேண்டும். இலேசான சக்கரம் குழியில் விழுந்தாலும் சட்டென்று எழுந்துகொள்ளும். பல்லிணை வைத்த சிறிய குடமோட்டார் இரண்டு மூன்று கிலோ இருக்கும். பல்லிணை இல்லாத பெரியது ஐந்து ஆறு கிலோவைத் தொடும். அந்த எடையைக் காலில் கட்டிக்கொண்டு சுருள்வில் ஆடும்போது சக்கரம் மேட்டில் மோதி எழுந்தால் இறங்க மறுக்கிறது; இறங்கினால் தொப்பென்று விழுகிறது. மலைப்பாதையில் ஓடும் மிதிவண்டிகளுக்காக ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 1989-இல் தன் முதல் எப்சோபர் கவையைக் கொண்டுவந்தபோது, குடத்துக்குள் இரும்புக் குண்டு ஒன்று வந்து உட்காரும் என்று யார் எண்ணியிருப்பர்?

அந்தத் தம்பிக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. வாசலில் நின்றுகொண்டு சொல்லவும் முடியாது. "மகள பின்னால வச்சுக்கிட்டு ஓட்டுற வண்டி. முன்சக்கரம் கழண்டா என்ன ஆகும்னு மட்டும் யோசிச்சுப் பாரு" என்றேன். பின்சக்கரம் கழன்றால் வண்டி இழுத்துக்கொண்டே போய் நிற்கும். முன்சக்கரம் கழன்றால் கவையின் நுனி தாரில் குத்தி வண்டி தலைகுப்புறக் கவிழும். அச்சு சுழலும்போது அதன் நடுவிலிருந்து வரும் கம்பிகளும் முறுக்கிக்கொண்டு அறுந்து ஒன்றோடொன்று உரசும். பின்னால் வருவது காப்பார் சாலையின் கொள்கலன் லோரி. அடுத்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இணையத்தில் ஆயிரம் பேர் செய்திருக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 250 வாட் அளவுள்ள சிறிய பல்லிணை மோட்டாரை எப்சோபர் கவையில் பூட்டிப் பல ஆண்டுகள் சிக்கலின்றி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் கவனமானவர்கள் முறுக்குத்தாங்கி என்ற எஃகுக் கையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒரு முனையில் உள்ள துளை அச்சின் தட்டைப் பக்கங்களை இறுகப் பிடிக்கும். மறுமுனை கவையின் காலில் கட்டப்படும். மேலே போட்ட கணக்கையே திரும்பப் போடுங்கள். கையின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால் 40-ஐ 0.1-ஆல் வகுக்க வேண்டும்: 400 நியூட்டன், ஏறத்தாழ 40 கிலோ. நானூறு நாற்பதாகிவிட்டது. நெம்புகோல் பாடத்தை நடத்துவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கையின் மறுமுனையை எப்சோபர் கவையில் எங்கே கட்டுவது? எஃகுக் கவையின் கால் மெலிந்த குழாய். எஃகுப் பட்டை போட்டு இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். எப்சோபரின் கீழ்க்கால் பருமனாகவும் மேலே போகப் போக விரிந்தும் இருக்கிறது; பட்டை வழுக்குகிறது. மேலே உள்ள பளபளப்பான தண்டில் கட்டிவிடலாம் என்று எண்ணினால் அது அதைவிட மோசம். அந்தத் தண்டு கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும் உறுப்பு. அசையும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் சேர்த்துக் கட்டினால் முதல் குழியிலேயே ஏதோ ஒன்று முறியும். பெட்டியோடு இலவசமாக வரும் முறுக்குத்தாங்கிகளோ பல நேரங்களில் தகரம் போல் மெலிந்தவை. ஐந்தாறு மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகாக இருந்தால் ஒழிய நான் நம்புவதில்லை.

எப்சோபர் கவைக்கென்றே எண்ணிச் செய்யப்பட்ட குடமோட்டார்களும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. கனடாவின் வான்கூவர் நகரில் உள்ள கிரின் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் அத்தகைய ஒன்றைச் செய்கிறது. பிளவில்லாமல் முழுத் துளைக்குள் நுழையும் அச்சுள்ள கவைகளுக்கும் அது பொருந்தும். முறுக்குத்தாங்கியும் மோட்டாரோடு சேர்ந்தே வடிவமைக்கப்பட்டது. அதை வாங்க வசதி உள்ளவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. நான் எழுதுவது சில நூறு ரிங்கிட் பெட்டியையும் பேரங்காடியில் வாங்கிய எப்சோபர் மிதிவண்டியையும் இணைக்க நினைக்கும் குடும்பங்களுக்காக.

குடமோட்டார் நேற்று வந்ததன்று என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895 டிசம்பர் 31-ஆம் நாள் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். அவருடைய வரைபடத்தில் மோட்டார் பின்சக்கரத்தில் இருக்கிறது. பிரான்சில் 1946 முதல் விற்பனையான வெலோசோலெக்ஸ் வண்டியில் சிறிய எண்ணெய்ப் பொறி முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்து டயரை உருளையால் தள்ளியது. முன்புறத்தில் விசை இருப்பதே தவறு என்று சொல்ல முடியாது என்பதற்கு அந்த வண்டி சான்று. அதன் முன்கவை எப்சோபர் இல்லாத கவை. முறுக்கு முழுவதும் அச்சின் மேல் விழாத அமைப்பு வேறு.

என் தந்தையார் பால்மரம் வெட்டிய காலத்தில் ராலே மிதிவண்டியில் இரு பக்கமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்மண் சாலையில் வருவார். அந்த வண்டியின் முன்கவையை இன்று கையில் எடுத்துப் பார்த்தாலும் கனக்கிறது. அதையே எடுத்து இன்றைய வண்டியில் மாட்டலாமே என்று ஆசை வரும். மாட்ட முடியாது, தலைக்குழாயின் அளவும் திருகு முறையும் வேறு. இன்றைய மலைமிதிவண்டிகள் பலவற்றின் கவைத்தண்டு 28.6 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. அந்த அளவில், எப்சோபர் கவையின் உயரத்துக்கு ஈடாக நீட்டிச் செய்யப்பட்ட எஃகுக் கவைகள் கடைகளில் கிடைக்கின்றன. உயரம் பார்த்து வாங்குவது முக்கியம். குட்டையான கவையை மாட்டினால் வண்டியின் மூக்கு தாழ்ந்து கைப்பிடி திரும்பும் குணமே மாறிவிடும். மோட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் எஃகுக் கவையின் விலை சிறிய பகுதிதான். கை சற்று அதிரும். தடித்த டயரைப் போட்டுக் காற்றைச் சிறிது குறைத்தால் பாதி அதிர்வு போய்விடும்.

பின்சக்கரத்தில் பூட்டுவது இதைவிட நல்லது என்பேன். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்கிறது. முன்சக்கரம் தரையைப் பிடிக்காமல் வீணாகச் சுழலும். மழை பெய்த சாலையில், மணல் கொட்டிய திருப்பத்தில், பின்சக்கரம் வழுக்கினால் உடலை வளைத்துச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்குள் விழுந்திருப்போம். இங்கே மாலை மழை எப்படிப் பெய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கியர் மாற்றுவதுதான் கடினம் என்றால், சீனப் பெரியவரைப் போன்ற ஒருவர் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவார். பின்பக்கமும் எஃகுச் சட்டமாக இருந்தால் நல்லது. முறுக்குத்தாங்கி அங்கேயும் வேண்டும்.

நிற்க. 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி உயிரிழந்தது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு மிதிவண்டியில் எதை மாற்றினாலும் குற்றம் என்பதுபோல் பேசும் பழக்கம் பள்ளிகளிலும் வந்துவிட்டது. ஸ்பானரைக் கையில் எடுத்த பையனை உடனே சந்தேகத்தோடு பார்க்கிறோம். நான் இதற்கு உடன்படவில்லை. பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓடுவதும், ஒரு தந்தை வேலைக்குப் போக வண்டியில் மோட்டார் வைப்பதும் ஒன்றாகா. மாற்றுகிறவனுக்கு "இந்த விசை எங்கே போய் விழும்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பட்டறைப் பயிற்சி அளித்த விரிவுரையாளர், எந்தப் பொருளைச் செய்தாலும் மாணவரை அதன் மேல் விரலை வைத்து விசையின் வழியைத் தடவிக் காட்டச் சொல்வார். அன்று எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மாணவர்கள் அழகழகான ஒப்புருக்களைச் செய்து, படம் எடுத்து, கோப்பில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த விரல் மட்டும் எங்கோ காணாமல் போய்விட்டது. நெம்புகோல் பாடத்தில் ஏற்றப்பலகைப் படத்தையே இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கப் போகிறோம்? பள்ளி வாசலில் நிற்கும் மிதிவண்டியை வகுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தால் என்ன?

சட்டத்தைப் பற்றியும் ஓரிரு வரி. சிங்கப்பூரில் மின்மிதிவண்டி 20 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, மோட்டார் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, 25 கிலோமீட்டர் வேகத்தில் விசை நின்றுவிட வேண்டும், மிதித்தால் மட்டுமே மோட்டார் இயங்க வேண்டும். ஒப்புதல் முத்திரையும் பதிவு எண்ணும் கட்டாயம். ஆகவே அங்குள்ள நண்பர்கள் இப்படிப்பட்ட பெட்டியை வாங்கி வீட்டில் பூட்டுவதை மறந்துவிடலாம். நம் நாட்டில் 2021 இறுதியில் வந்த விதிகள் மின் ஸ்கூட்டர் போன்ற சில சிற்றூர்திகளைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலேயே பாயும் வண்டியை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

எஃகுக் கவையில் முன்மோட்டார் பூட்ட முடிவு செய்தவர்களுக்கு என் வண்டியில் நான் செய்திருப்பதைச் சொல்லி முடிக்கிறேன். இரு பக்கமும் முறுக்குத்தாங்கி. அச்சிலிருந்து கம்பி வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. கம்பியை ஒரு வளையமாகத் தொங்கவிட்டுத்தான் மேலே கொண்டுபோயிருக்கிறேன், மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும். முதல் 20 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கினேன். பிறகு நட்டின் மேலிருந்து கவை வரை நகப்பூச்சால் ஒரு நேர்க்கோடு போட்டேன். சிவப்பு நிறம், மனைவியுடையது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். நட்டின் கோடும் கவையின் கோடும் நேராக நின்றால் வண்டியை எடுக்கலாம். மயிரிழை விலகியிருந்தாலும் அன்று பேருந்துதான்.